கடைசி வீட்டுத் தரை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. ரசமட்டம் என்றால்தான் தெரியும். டைல்ஸ் போடுகிறவர். தரை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற கட்டைக்கு ரசமட்டம் என்று பெயர். அதன் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. அந்தக் கட்டை எப்போதும் அவர் பையில் இருக்கும். ஆனால் பட்டப்பெயர் அதனால் வந்ததில்லை. மனிதர் சந்தோஷத்துக்கும் ஏறமாட்டார், துக்கத்துக்கும் இறங்கமாட்டார். மகளைக் கட்டிக் கொடுத்த அன்று பெற்றவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, இவர் மண்டபத்துத் தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்து, இந்தக் கல்லுக்கு அடியில் கலவை பிடிக்கவில்லை, பொத்தென்று சத்தம் வருகிறது பாருங்கள் என்று சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று அதைக் கேட்ட கண்டக்டர்தான் அன்றைக்கே இந்தப் பெயரை வைத்தார்.

கண்டக்டர் முதல் வீட்டுக்காரர். பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். தெருச் சங்கத்துக்குச் செயலாளர். சங்கம் என்றால் பதினான்கு வீடும் ஒரு நோட்டும்தான்.

ரசமட்டத்துக்கு ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினான்கு வயதில் மணல் சலித்தார், பதினெட்டில் கல் வெட்டினார், இருபத்திரண்டில் தனியாக ஒரு குளியலறைக்குத் தரை போட்டார். இப்போது ஐம்பத்திரண்டு. முழங்கால் இரண்டும் காய்த்துப்போய்க் கிடக்கும். குளியலறைத் தரையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எந்த மூலையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டினாலும் அது நேரே துளைக்குப் போய் இறங்க வேண்டும், ஒரு சொட்டுக்கூடத் தங்கக் கூடாது. அதற்கு வாட்டம் வைப்பது என்று சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

அவருடைய வீடு தெருவின் கடைசி. மெயின் ரோட்டை ஒட்டி. யாரோ எப்போதோ செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம். பள்ளம் என்பதால்தான் அவர் கைக்கு எட்டியது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவரே சுவர் எழுப்பி, இருந்த செங்கல் தீர்ந்த இடத்தில் நிறுத்தித் தளம் போட்டுவிட்டார். தரையிலிருந்து தளத்துக்கு ஏழே முக்கால் அடி. மின்விசிறி ஓடும்போது சட்டையைக் கழற்ற வேண்டுமென்றால் அடுத்த அறைக்குப் போக வேண்டும். தரை வெறும் சிமெண்டுப் பூச்சு. அவர் மனைவி ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போடும் சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊரான் வீட்டுக்கெல்லாம் முகம் தெரிகிற மாதிரி தரை போடுகிறீர்கள், நம் வீட்டில் விளக்குமாறே தடுக்கி விழுகிறது என்று கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள்.

தெருவுக்கு ஒரு பக்கம் தரிசு கிடந்தது. மழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் அதில் போய்ப் பரவி, நாலு நாளில் மண்ணுக்குள் போய்விடும். அதை ஒரு வீடு கட்டும் கம்பெனி வாங்கியது. லாரி லாரியாக மண் வந்தது. நெஞ்சுயரத்துக்கு மேடாக்கி, எட்டு அடுக்குமாடிகள் கட்டி, சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். மதிலின் அடியில் தெருவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு ஒரு வரிசைக் குழாய்கள். ரசமட்டமும் அங்கே எட்டு மாதம் வேலை பார்த்தார். அவற்றில் மூன்று கட்டடங்களின் மொட்டைமாடிக்கு அவர்தான் கல் பதித்தார். அருமையான வாட்டம். பெய்கிற மழை ஒரு சொட்டு நிற்காமல் குழாய்க்குள் இறங்கிவிடும். இறங்கிய பிறகு எங்கே போகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையும் இல்லை.

அந்த வருஷத்து மழை ஒரு காலை ஆறரைக்குப் பிடித்தது. எட்டு மணிக்குத் தண்ணீர் வாசலில் நின்றது, ஒன்பதுக்கு உள்ளே வந்தது, பத்துக்கு இடுப்பைத் தாண்டிவிட்டது. ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்து சமையல்கட்டிலிருந்து அறைக்கு வந்தது. ரசமட்டம் மெயின் சுவிட்சை அணைத்தார். மேஜை மேல் கட்டிலைப் போட்டு மனைவியை அதன்மேல் ஏற்றி உட்கார வைத்தார். அரை மூட்டை சிமெண்டைப் பரணில் தூக்கி வைத்தார். அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு மணிக்கு மழை விட்டதும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நெஞ்சுவரை ஈரமாக வந்து நின்றவரைப் பார்த்து என்ன ஆயிற்று என்று அங்கே கேட்டார்கள். வீட்டில் கொஞ்சம் தண்ணீர் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் போட வேண்டிய சுவரைப் போட்டு முடித்தார். கோணல் இல்லாமல் போட்டார்.

மூன்று நாள் தண்ணீர் நின்றது. நாலாவது நாள் காலையில் அவர் வீட்டுக்கு வரிசையாக ஆள் வரத் தொடங்கியது. துக்கம் விசாரிக்க இல்லை. செருப்புத் தேடி. தெருவில் மிதந்த அத்தனையும் அவர் வீட்டுக்குள்தான் வந்து ஒதுங்கியிருந்தன. பதினேழு செருப்பு, அதில் ஜோடி நாலுதான். மூன்று வாளி மூடி, ஒரு சைக்கிள் இருக்கை. தையல்காரம்மா வீட்டு மர ஸ்கேல் ஒன்று. கண்டக்டர் தன்னுடைய ஒற்றை ஷூவைக் கண்டுபிடித்து, லாஸ்ட் ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுக்காமல் வந்துவிட்டது பாருங்கள் என்றார். ரசமட்டம் மற்றவற்றைச் சுவரோரம் அடுக்கி வைத்தார். தன் வீடுதான் எல்லோருக்கும் கீழே இருக்கிறது என்று அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்த நாட்களில் அவருக்கு எதுவுமே உறைக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் மனைவி அவர் காலைக் காட்டி, நகம் பாதி பெயர்ந்திருக்கிறதே, எப்போது இடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். குனிந்து பார்த்தார். தெரியவில்லை என்றார்.

சேறு அள்ளி முடிக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாவது நாள் மனைவி கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்தா நான் மக வீட்டுக்குப் போயிடுறேன்” என்றாள். “சண்டை எல்லாம் இல்ல. என்னால இன்னொரு தடவை அள்ள முடியாது. அவ்வளவுதான்.”

அவர் தலையை ஆட்டினார். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு துணியைக் குறைத்துக் கொடுக்காவிட்டால் நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சலவை நிலையத்தில் ஒருமுறை சொன்னாள். மறுநாள் போகவில்லை. அவர்களே வந்துதான் கூப்பிட்டுப் போனார்கள்.

சங்கம் மனு எழுதியது. மெயின் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் மறுபக்கம் போக ஒரு சிறுபாலம் இருக்கிறது. அதன் வாய், கம்பெனி மண் கொட்டிய பக்கம் மூடிக் கிடந்தது. அந்த மண்ணை வெட்டி, தெருவிலிருந்து சிறுபாலம் வரை கம்பெனி ஒரு வடிகால் கட்டித் தர வேண்டும், மதிலில் இருக்கிற குழாய்களையும் அதிலேயே சேர்க்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். பத்து மாதம் அலைந்த பிறகு நகர அலுவலகத்தில் ஒரு அதிகாரியம்மா இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேட்டார். கண்டக்டர் நோட்டை எடுத்தார். அவர்தான் வீடு வீடாகப் போய் அளவு வாங்கியிருந்தார். முதல் வீடு நாலு விரல். நாலாவது வீடு இரண்டடி. ஐந்தாவது அரையடி. ஒன்பதாவது இரண்டரை அடி. பத்தாவது ஓரடி. கடைசி வீடு மூன்றரை அடி.

கம்பெனி இன்ஜினியர் சின்ன வயசுப் பையன்தான், மரியாதை தெரிந்தவன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்: “சார், தண்ணி என்ன படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியா நின்னுச்சு?”

அதிகாரியம்மா பேனாவை மூடிவிட்டார். இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற ஒரே அளவைக் கொண்டு வாருங்கள், பத்து நாள் தருகிறேன் என்றார். மழைக்காலம் தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. கம்பெனிக்காரர்கள் அளந்தால் இவர்கள் நம்பமாட்டார்கள். அதனால் இவர்களே அளந்து கொடுப்பது, கம்பெனி ஆள் சரிபார்ப்பது என்று முடிவானது.

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சண்டை. ஐந்தாவது வீட்டுக்காரர் நாலாவது வீட்டுத் தையல்காரம்மாவைப் பார்த்து, ஒரே சுவர், எனக்கு அரையடி, உனக்கு மட்டும் எப்படி இரண்டடி, கம்பெனியிடம் நஷ்டஈடு வாங்க ஏற்றிச் சொன்னாயா என்றார். என் தையல் மிஷின் மோட்டார் வரைக்கும் முங்கியது, அதுவும் நான் முக்கியதா என்று அந்தம்மா கேட்டார். பஸ்ஸில் இருந்த மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இறங்கும் இடம் வந்ததும்தான் பின் சீட்டிலிருந்து ரசமட்டம் வாயைத் திறந்தார்.

“யாரும் பொய் சொல்லல. அவங்கவங்க வீட்டுத் தரையிலிருந்து அளந்திருக்காங்க.”

“தரையிலிருந்து அளக்காம பின்ன மோட்டுவளையிலிருந்தா அளப்பாங்க?” என்றார் கண்டக்டர்.

அப்போதுதான் ரசமட்டம் சொன்னார். அந்தத் தெருவில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு யாரும் புதுத் தரை போட்டதில்லை. பெயர்த்தால் இடிசலை அள்ளிக் கொட்ட வேண்டும், வேலை இரண்டு மடங்கு. பழையதன் மேலேயே கலவையைக் கொட்டி டைல்ஸைப் பதித்துவிடுவார்கள். ஐந்தாவது வீட்டில் அப்படி மூன்று தடவை. பத்தாவது வீட்டில் இடிசலைக் கொட்டி ஓரடி உயர்த்தி அதன்மேல் ஒரு தடவை. கண்டக்டர் வீட்டில் மகன் கல்யாணத்துக்கு ஒன்று, பேத்தி பிறந்ததற்கு ஒன்று. தையல்காரம்மா வீட்டில் மட்டும் இன்னும் முதல் தரை. இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அத்தனையும் போட்டவர் அவர்தான்.

“இதை ஆஃபீஸ்லயே சொல்றதுக்கு என்னய்யா?” என்றார் கண்டக்டர்.

“யாரும் கேக்கலையே.”

மறுநாள் வேலைக்குப் போகாமல் டியூப் லெவலை எடுத்தார். அது ஒன்றும் பெரிய கருவி இல்லை. விரல் பருமனுக்கு ஒரு நீளமான கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், நடுவில் மேடு இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். குழாய்க்குள் ஒரு குமிழி தங்கினால் அளவு தப்பிவிடும். அரைமணி நேரம் உட்கார்ந்து குழாயைச் சுண்டிச் சுண்டி ஒவ்வொரு குமிழியாக விரட்டினார். மறுமுனையைப் பிடிக்கக் கண்டக்டர் வந்தார். நடக்கும்போது கட்டை விரலால் முனையை மூடிக்கொள்ள வேண்டும், நின்றதும் எடுத்துவிட்டுத் தண்ணீர் ஆடி அடங்கும்வரை கையை அசைக்கக் கூடாது. ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் பிடிமானம் இல்லாமல் நின்றவருக்கு, நிற்கிற தெருவில் கை ஆடாமல் நிற்க வரவில்லை. இரண்டு தடவை சட்டையெல்லாம் நனைந்தது.

“ஆடாதீங்கண்ணே.”

“நான் ஆடல, தெரு ஆடுது.”

முதல் வீட்டுச் சுவரில், தரைக்கு ஒரு சாண் மேலே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்த உயரத்தை மாற்றாமல் அடுத்தடுத்த வீட்டுச் சுவருக்குக் கடத்திக்கொண்டே போனார். அதே கோடு தையல்காரம்மா வீட்டில் முழங்காலைத் தாண்டியது, ஐந்தாவதில் மறுபடி கீழே இறங்கியது, ஒன்பதாவதில் தொடைக்கு ஏறியது. கோடு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, தரைகள்தான் ஏறி இறங்கின. ஒவ்வொரு வீட்டிலும் போன மழையின் சேற்றுக் கறை சுவரில் இன்னும் இருந்தது. சிவப்புக் கோட்டிலிருந்து கறைக்கு அளந்தார்கள். பதினான்கு வீட்டிலும் ஆறு அங்குலம். ஐந்தாவது வீட்டுக்காரர் டேப்பைத் தானே வாங்கி இரண்டு தடவை அளந்து பார்த்தார். பிறகு தையல்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்று, பழைய பேண்ட் ஒன்று உயரம் குறைக்க வேண்டும், எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டார். அவருக்கு மன்னிப்புக் கேட்க அவ்வளவுதான் தெரியும்.

ரசமட்டத்தின் வீட்டுச் சுவரில் கோடு நெஞ்சுக்கு வந்தது. அங்கிருந்து குழாயை இழுத்துக்கொண்டு மண்மேட்டின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கி, சிறுபாலத்தின் வாயைக் கொஞ்சம் தோண்டி, அதன் அடித் தரையை அளந்தார். எழுதிக்கொண்டார். மறுபடி அளந்தார். குழாயைக் கீழே போட்டுவிட்டு, குமிழி இருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தவழ்ந்து பார்த்தார். மூன்றாவது தடவை அளந்தார்.

“என்னய்யா, வாட்டம் வருதா வரலையா?” என்று மேட்டிலிருந்து கண்டக்டர் கேட்டார்.

“வருது. பதிமூணு வீட்டுக்கும் வருது.”

“பதினாலு வீடு இருக்கு.”

“என் தரை பாலத்துக்குக் கீழ இருக்கு.” நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

கண்டக்டருக்கு முதலில் பிடிபடவில்லை. நாலு விரல்தானே, தரையை நாலு விரல் ஏற்றிவிட்டால் போகிறது, நீயே டைல்ஸ்காரன் என்றார். ரசமட்டம் பொறுமையாகச் சொன்னார். நாலு விரல் ஏற்றினால் வடிகாலின் அடியும் தன் தரையும் ஒன்றாகும். வடிகாலில் தண்ணீர் ஓடுகிற உயரத்துக்கும் மேலே போக வேண்டுமென்றால் இரண்டடி ஏற்ற வேண்டும். தளம் ஏழே முக்கால் அடி.

“அஞ்சே முக்கால் அடியில குனிஞ்சே குடும்பம் நடத்தணும்னு சொல்லு” என்று சிரித்த கண்டக்டர், எதிரே முகம் மாறாததைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விட்டார். தளத்தை உடைத்துச் சுவரை உயர்த்துவது வீட்டைப் புதிதாகக் கட்டுகிற மாதிரி என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, உன் வீட்டு அளவை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவோமா என்று கேட்டார்.

“விட்டா என் வீட்டுக்கும் ஒரு குழாய் போட்டு வடிகால்ல சேப்பாங்க. தெருத் தண்ணி மொத்தமும் அந்தக் குழாய் வழியா என் வீட்டுக்குத்தான் வரும்.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் யாரோ ஒரு வீட்டுக்காரரிடம் குளியலறையைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருந்தது. குழாயிலிருந்த தண்ணீரை ஒரு முனை வழியாகக் கொட்டிவிட்டுச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

பத்தாவது நாள் அலுவலகத்தில் கம்பெனி ஆள் சரிபார்த்த தாளை இன்ஜினியர் மேஜையில் வைத்தான். அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை, மேஸ்திரி கை மெஷின் கை என்று அவனே சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இரண்டு வழி சொன்னான். ஒன்று, இந்த அளவுப்படி வடிகால். நாளைக்கே வெட்டத் தொடங்கினால் மழைக்கு முன்னால் முடியும். கடைசி வீட்டை மட்டும் அதில் சேர்க்க முடியாது, வீட்டு முன்னால் ஒரு தடுப்புச் சுவர் வைத்துவிட்டு வடிகால் தாண்டிப் போகும். அந்த வீட்டு முற்றத்தில் பெய்கிற தண்ணீருக்கு வெளியே போக வழி இருக்காது. இரண்டு, கம்பெனி இடத்துக்குள்ளேயே ஒரு பெரிய தொட்டி கட்டி எல்லாத் தண்ணீரையும் அதில் இறக்கி மோட்டார் வைத்து ஏற்றுவது. அப்படியென்றால் பதினான்கு வீடும் தப்பும். ஆனால் அதற்குப் புதிதாக வரைபடம், புதிதாக அனுமதி. இந்த மழைக்கு ஆகாது, அடுத்த மழைக்குப் பார்க்கலாம்.

“அடுத்த மழைக்குக் கண்டிப்பா ஆகுமா?” என்று தையல்காரம்மா கேட்டார்.

“கண்டிப்பான்னு நான் சொல்ல முடியாதும்மா.”

ரசமட்டத்தைத் தவிர தெருக்காரர்கள் எட்டு பேர் அறையில் இருந்தார்கள். எட்டு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர் கால் மாற்றி நின்றார். யாருக்கும் ரசமட்டத்தின் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை. வடிகாலையே போடுங்கள் என்று சொல்லவும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. தொட்டிக்குக் காத்திருப்போம் என்று சொல்லவும் வரவில்லை. தையல்காரம்மாவின் மடியில் புது மோட்டாருக்கான ரசீது இருந்தது. அதிகாரியம்மா மணியைப் பார்த்தார்.

கடைசியில் கண்டக்டர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீ சொல்லுய்யா. நீ என்ன சொல்றியோ அதுதான்” என்றார்.

ரசமட்டம் கொஞ்சம் யோசித்தார் என்று பிற்பாடு தெருவில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அவர் யோசிக்கவில்லை. அந்த அறையின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தரை. பெரிய கற்கள், இடைவெளி தலைமுடி அளவுக்குத்தான்.

“போடுங்க” என்றார்.

“எதை, மேஸ்திரி?”

“வடிகாலை.”

மனைவிக்கு அவர் சொல்வதற்குள் தையல்காரம்மா சொல்லிவிட்டார். அவள் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, சாப்பாட்டை எடுத்து வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். தட்டை எடுக்கும்போதுதான் பேசினாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா என்ன சொல்லியிருப்ப?”

“நானும் போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். பதிமூணு வீட்டுப் பாவத்தை யார் சுமக்கிறது.” தட்டைத் தொட்டியில் போட்டாள். “ஆனா கேட்டிருக்கலாம்.”

அவர் ஆமாம் என்றார். ஏதாவது வருகிறதா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

வடிகால் வேலை பதினெட்டு நாளில் முடிந்தது. தெருவை வெட்ட வந்த ஆட்கள் கண் மதிப்பில் தோண்டினார்கள். ஆறாவது வீட்டுக்கு முன்னால் அடித்தளம் இரண்டு விரல் மேடாக வந்துவிட்டது. அப்படியே விட்டிருந்தால் மேல் வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் தேங்கும். சாயங்காலம் வேலை முடிந்து வந்த ரசமட்டம் அதைப் பார்த்துவிட்டு, காயாத கலவையைத் தானே சுரண்டி எடுத்து, நூல் கட்டி, மறுபடி பூசினார். அடுத்த நாளிலிருந்து தினமும் வந்ததும் பை வைக்காமலே வடிகாலுக்குள் இறங்கிவிடுவார். இன்ஜினியர் பார்த்துவிட்டு, கூலி போட்டுத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம், தப்பாக இருந்தது, அதனால் செய்தேன் என்றார். அவர் வீட்டு முன்னால் தடுப்புச் சுவர் வைத்த அன்றும் அங்கேதான் நின்றார். கடைசி வரிசைக் கல்லுக்குக் கலவை போதவில்லை. பரணில் இருந்த அரை மூட்டை சிமெண்டை இறக்கிக் கொடுத்தார்.

தெருக்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. பதிமூன்று வீடும் சேர்ந்து ஒரு சின்ன மோட்டார் பம்பு வாங்கிக் கொண்டுவந்து அவர் முற்றத்தில் வைத்தார்கள். முற்றத்தில் ஒரு குழி வெட்டி, குழியில் சேரும் தண்ணீரை மோட்டார் உறிஞ்சி, தடுப்புச் சுவருக்கு மேலே வடிகாலுக்குள் கொட்டும். கண்டக்டர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். ஒரு வாளித் தண்ணீர் ஒரே மடக்கில் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். மழை பிடித்தால் அந்தத் தெருவில் முதலில் கரண்ட்தான் போகும் என்பது அப்போது ஒருத்தர் ஞாபகத்துக்கும் வரவில்லை.

மழை ஒரு மத்தியானம் வந்தது. போன வருஷத்து மழைக்குக் கொஞ்சமும் குறைவில்லை. பத்து நிமிஷத்தில் கரண்ட் போனது. மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. ரசமட்டம் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி, குழியிலிருந்து அள்ளிச் சுவருக்கு மேலே கொட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் வடிகால் நுரைத்துக்கொண்டு ஓடியது. மதில் குழாய்த் தண்ணீர், தெருத் தண்ணீர் எல்லாம் ஒரு இடத்திலும் தயங்காமல் சிறுபாலத்தைப் பார்த்துப் போயின. தெருவில் கால் நனைகிற அளவுக்குக்கூட நிற்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். தையல்காரம்மா வீட்டிலிருந்து மிஷின் மிதிக்கிற சத்தம் கேட்டது. கரண்ட் இல்லாததால் காலால் மிதித்தார் போலிருக்கிறது.

இரண்டு மணி நேரம் அள்ளினார். கண்டக்டரும் ஐந்தாவது வீட்டுக்காரரும் ஆளுக்கொரு வாளியோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். பெய்வது அள்ளுவதைவிட அதிகமாக இருந்தது. நாலரை மணிக்கு முற்றத்திலிருந்து தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனது. பிறகு மழையும் விட்டது. உள்ளே கணுக்கால் அளவு. போன தடவையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை என்று கண்டக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டதோ என்னவோ, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மனைவி ஆறு மணிக்கு வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து, கட்டிலில் கால்களை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அள்ளிக்கொண்டிருந்தார். அவள் அள்ள வரவில்லை. கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடி மீதியை உறிஞ்சியது. தரையில் ஒரு படலம் சேறு மட்டும் நின்றது. அதையும் அவரே துடைத்தார்.

காலையில் அவள் ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். ஆஸ்பத்திரித் துணி மடித்த கை. ஒவ்வொன்றும் கத்தி மாதிரி மடிப்பு. மகள் வீடு பஸ்ஸில் நாலு மணி நேரம். அங்கே ஒரு சலவைக் கடையில் ஆள் கேட்டிருக்கிறார்கள் என்று மகள் போன மாதமே சொல்லியிருந்தாளாம். இவருக்கு அது இப்போதுதான் தெரியும். பையை அவர் வாங்கிக்கொண்டார். இருவரும் தெருவில் நடந்தார்கள். தெரு காய்ந்து கிடந்தது. பதிமூன்று வாசலிலும் பெருக்குகிறவர்கள், பல் தேய்க்கிறவர்கள். என்ன, காலங்காத்தாலேயே கிளம்பியாச்சா, மகளைப் பார்க்கவா என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள். ஆமாம், மகளைப் பார்க்கத்தான் என்று அவள் ஒவ்வொருத்தருக்கும் சொன்னாள். கண்டக்டர் மட்டும் ஒன்றும் கேட்காமல் பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு ஈரமாக இருந்தது. நின்றுகொண்டே இருந்தார்கள்.

“அரிசி டப்பா பரண்ல இருக்கு” என்றாள்.

“சரி.”

“மோட்டாருக்கு மேல ஏதாவது மூடி வைங்க. நனைஞ்சா போயிடும்.”

“சரி.”

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கீழே நின்றார். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. அவளாக ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

திரும்பி வரும்போது வடிகாலோரமாகவே வந்தார். ஆறாவது வீட்டுக்கு முன்னால் குனிந்து பார்த்தார். தண்ணீர் வடிந்து அடித்தளம் துடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அன்றைக்கு நகரத்தின் மறுகோடியில் ஒரு வீட்டில் குளியலறைத் தரை. வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் நிற்காமல் போகுமா என்று கேட்டார்.

போகும் என்றார்.